பச்சை என்றால் காடு

என் வயதுக்காரிகளே, போன மாதம் இங்கே நோர்வேயில், ஸ்டோவ்னரில் நடந்த நம் முதியோர் சந்திப்பில் ஒரு பெரியவர் எழும்பி, அந்தக் காலத்து யாழ்ப்பாணத்து வாத்தியார்மாரைப் போல அறிவாளிகள் இனிப் பிறக்கப் போவதில்லை என்று முக்கால் மணித்தியாலம் பேசினார். நீங்கள் எல்லோரும் கை தட்டினீர்கள். நான் தட்டவில்லை. கையில் தேத்தண்ணிக் கோப்பை இருந்தது என்று பக்கத்திலிருந்தவருக்குச் சொன்னேன். அது பொய். கோப்பையை வைக்க முன்னால் மேசை இருந்தது.

எழும்பி எதிர்த்துக் கதைக்க எனக்கு வராது. நாலு பேருக்கு முன்னால் என் பெயரைக் கேட்டால்கூடப் பக்கத்திலிருப்பவர்தான் சொல்ல வேண்டும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துபோனவள் வேறு. இந்த வருஷ மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று நீங்கள் கேட்டபடியால் எழுதுகிறேன். எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

நான் எழுதப் போவது பிரேசில் நாட்டின் வடக்கு மூலையில் இருக்கிற ஒரு மாநிலத்தைப் பற்றி. ரொரைமா என்று பெயர். சிரிக்காதீர்கள். அந்த இடத்தைப் பற்றிப் பத்து வயதிலேயே எனக்குத் தெரியும். அப்போது அதற்கு வேறு பெயர் இருந்தது. அந்த இடத்தால்தான் என் அக்காவின் கலியாணம் குழம்பியது. இடத்தில் பிழை இல்லை. பிழை எங்கள் ஊர் அறிவாளிகளில்.

என்னைப் பெற்ற ஐயாவின் ஒன்றுவிட்ட தமக்கையின் மகன் ஒருவர் இருந்தார். முறைக்கு எனக்கு அத்தான். கொழும்பில் ஒரு கப்பலில் குசினி வேலைக்கு ஏறி, பிரிட்டிஷ் கயானாத் துறைமுகத்தில் இறங்கி, அதற்குப் பிறகு பதினொரு வருஷம் ஒரு கடிதமும் போடாதவர். ஊர் அவரைச் செத்துப்போனவராகவே வைத்திருந்தது. ஒரு சோளகக் காலத்தில், காற்று புழுதியை அள்ளிக் கண்ணில் போடுகிற ஒரு பின்னேரம், தகரப் பெட்டியோடு வந்து இறங்கினார். அவர் உயிரோடு வந்தது யாருக்கும் பெரிதாகப் பிடிக்கவில்லை. அவருடைய காணியில் ஏற்கெனவே இரண்டு பேர் தோட்டம் செய்துகொண்டிருந்தார்கள்.

காணியை அவர் கேட்கவில்லை. அக்காவைக் கேட்டார். கலியாணம் முடித்து, தான் இருந்த இடத்துக்கே கூட்டிக்கொண்டு போகப் போவதாகச் சொன்னார். சீதனம் வேண்டாம் என்றும் சொன்னார். அதுதான் அவர் செய்த முதல் பிழை. சீதனம் கேட்டிருந்தால் பேரம் பேசி அடுத்த முகூர்த்தத்தில் முடித்திருப்பார்கள். வேண்டாம் என்றதும் ஊர் முழுக்கக் கண்ணைச் சுருக்கியது. என்ன குறை இருக்கோ, எந்தச் சிறையால் வந்தானோ என்று கிணற்றடியில் கதைத்தார்கள். மனிசன் நேர்மையாக இருக்கலாம் என்பது அந்தப் படித்த ஊரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அக்காவுக்குப் பத்தொன்பது வயது. கலியாணம் பேசுகிற வீட்டில் மாப்பிள்ளை பெண்ணோடு நேரே கதைக்கக் கூடாது. ஆனால் வீட்டில் இருக்கிற சின்னப் பிள்ளையோடு எவ்வளவும் கதைக்கலாம். ஆகவே அத்தான் பின்னேரங்களில் வந்து விறாந்தைக் கதிரையில் இருப்பார். நான் படியில் இருப்பேன். அக்கா உள்ளே சன்னலுக்குப் பக்கத்தில் சுளகோடு இருந்து அரிசியில் கல் பொறுக்குவார். அந்த இரண்டு மாதமும் எங்கள் வீட்டில் அவிந்ததைப் போலக் கல்லில்லாத சோறு யாழ்ப்பாணத்திலேயே அவிந்திருக்காது. அத்தான் எனக்குத்தான் கதை சொன்னார், ஆனால் நாலு வீட்டுக்குக் கேட்கிற குரலில்.

அப்படித்தான் அந்த நாடு எங்கள் வீட்டுக்குள் வந்தது. ஓர் ஆறு. இந்தக் கரை அவர் இறங்கிய கயானா, இங்கிலிசுக்காரனுடையது, அந்தக் கரை பிரேசில். கோடையில் மாடுகள் நடந்தே கடக்கும், அவற்றுக்கு எந்தக் கரை யாருடையது என்று தெரியாது என்பார். அந்தக் கரையில் கண்ணுக்கு எட்டிய தூரமெல்லாம் புல்வெளி. இடைக்கிடை நீரோடை, ஓடைக் கரையில் வரிசையாக மரங்கள், எங்கள் பனையைப் போலவே விசிறி ஓலை. பழைய காலத்தில் போர்த்துக்கல் ராசாவின் ஆட்கள் அங்கே ஒரு கோட்டையைக் கட்டி, வெறும் நிலமாகக் கிடந்தால் பக்கத்து நாட்டான் பிடித்துவிடுவான் என்று மாடுகளையும் குதிரைகளையும் கொண்டுவந்து விட்டார்களாம். அங்கே இருந்த சனத்தையும் பிடித்துக் கோட்டைக்குப் பக்கத்தில் குடியிருத்தப் பார்த்தார்களாம். சனம் ஓடிவிட்டது. கோட்டை விழுந்துவிட்டது. மாடு பெருகியது. குதிரைகள் சொந்தக்காரன் இல்லாமல் கூட்டமாகத் திரிகின்றன.

அவர் இருந்த பட்டினத்தை ஆற்றங்கரையில் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்தார்களாம். தெருக்கள் விசிறிபோல விரியும். கைபிடி இருக்கிற இடத்தில் நின்றால் எல்லாத் தெருவையும் ஒரேயடியாகப் பார்க்கலாம். அங்கே ஒரு கடையில் அவருக்குப் பங்கு இருந்தது.

அக்காவின் கேள்விகளை நான்தான் கொண்டுபோவேன். சன்னலடிக்கு இரண்டு எட்டு, கதிரையடிக்கு இரண்டு எட்டு. அங்கே தண்ணீர் எங்கே எடுக்கிறது, விறகு உண்டா, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் உண்டா. நான் கேட்பதுபோலக் கேட்பேன். அவர் எனக்குச் சொல்வதுபோலச் சொல்வார். ஒருநாள் அக்கா கேட்டது நினைவிருக்கிறது.

"பொம்பிளையள் தனிய வெளியிலை போய் வரலாமோ எண்டு கேள்."

கேட்டேன். அத்தான் என்னைப் பார்க்காமல் சன்னலைப் பார்த்துச் சொன்னார்.

"பொம்பிளையள் குதிரையிலையும் போவினம்."

உள்ளே சுளகுச் சத்தம் நின்றுவிட்டது. வெகுநேரத்துக்குப் பிறகுதான் திரும்பத் தொடங்கியது. அக்கா போவதென்று முடிவெடுத்தது அந்த இடைவெளியில்தான் என்று இப்போது நினைக்கிறேன். அப்போது நான் நினைத்தது, அரிசி முடிந்துவிட்டது என்று.

தகரப் பெட்டியிலிருந்து அவர் ஒரு சாமான் கொண்டுவந்து தந்தார். பிரம்புபோன்ற நாரில் பின்னிய நீளக் குழாய், ஒரு ஆளின் உயரம், பாம்புச் சட்டைபோல நெகிழும். அங்கே ஒரு வகை மரவள்ளி நஞ்சாம். அதைத் துருவி, அந்தக் குழாய்க்குள் அடைத்து, மரத்தில் கட்டித் தொங்கவிட்டு, கீழ் முனையை இழுத்தால் குழாய் ஒடுங்கி நச்சுப்பால் வடிந்துவிடும். மிஞ்சுவதை வறுத்து மாவாக்கிச் சாப்பிடுவார்களாம். புளித்த மணமும் புகை மணமும் அதிலிருந்து வரும். நான் கையை முழங்கை வரை விட்டு விளையாடுவேன். இழுத்தால் கையைப் பிடித்துக்கொள்ளும். அம்மா இதை மட்டும் நம்பினார். மரவள்ளி சாப்பிட்டுவிட்டு இஞ்சி சாப்பிட்டால் நஞ்சு என்று எங்களுக்கும் தெரியும்தானே.

மற்றது எதையும் ஐயா நம்பவில்லை. ஐயா களுத்துறைப் பக்கம் ஒரு றப்பர் தோட்டத்தில் கிளாக்கராக இருந்துவிட்டு வந்தவர். றப்பர் விதை பிரேசில் காட்டிலிருந்து வந்தது என்று துரை ஒருநாள் சொல்லியிருக்கிறார். துரை சொன்ன அந்த ஒரு வசனம்தான் ஐயாவுக்குப் பிரேசிலைப் பற்றித் தெரிந்தது முழுவதும். பிரேசில் என்றால் காடு, காடு என்றால் றப்பர். ஒரு றப்பர் மரத்தைப் பற்றியும் வாய் திறக்காதவன் எப்படிப் பிரேசிலில் இருந்திருப்பான் என்று சாப்பிடும்போதெல்லாம் கேட்பார். கடைசியில், தலைமை வாத்தியாரைக் கூப்பிட்டு விசாரிப்பது என்று முடிவாயிற்று.

தலைமை வாத்தியாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவரிடம் ஓர் அட்லஸ் இருந்தது. ஊரிலேயே ஒன்றுதான். மண்ணிறக் கடதாசியால் உறை போட்டுப் பள்ளிக்கூட அலுமாரியில் பூட்டி வைத்திருப்பார். அதைக் காட்டும்போது நாங்கள் கையைப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும், மூச்சுப் பட்டால் தாள் கெட்டுப்போகுமாம். நிறங்களுக்கு அவர் படிப்பித்த பாடம் இது: நீலம் என்றால் கடல், மண்ணிறம் என்றால் மலை, பச்சை என்றால் காடு. பச்சை, பள்ளமான நிலத்துக்குப் போடுகிற நிறம் என்பது அட்லசின் முதல் பக்கத்திலேயே இங்கிலிசில் எழுதியிருந்திருக்கும். முப்பது வருஷம் வைத்திருந்தவர் முதல் பக்கத்தை வாசிக்கவில்லை.

வெள்ளிக்கிழமைகளில் அலுமாரி துடைக்கிற வேலை எனக்கு. அவர் வெற்றிலை போடப் போன நேரத்தில் நான் இலங்கைப் படத்தை விரித்து எங்கள் ஊரைத் தேடியிருக்கிறேன். இல்லை. யாழ்ப்பாணம் என்று ஒரு புள்ளி, காங்கேசன்துறை என்று ஒரு புள்ளி, அவ்வளவுதான். குடாநாடு முழுக்க நல்ல பச்சை. செம்மண்ணும் கல்லும் கள்ளிப்பற்றையுமாகக் கிடக்கிற எங்கள் ஊர் அந்தப் படத்தின்படி அடர்ந்த காடு. அன்றைக்கே வீட்டுக்கு வந்து அக்காவுக்குச் சொல்லிச் சிரித்தேன். அக்காவும் சிரித்தார்.

அந்த வருஷம் ஐந்தாம் வகுப்பில் புலமைப்பரிசில் பரீட்சைக்கு யார் போவது என்று தலைமை வாத்தியார்தான் பெயர் எழுத வேண்டும். நான் வகுப்பில் முதலாம் பிள்ளை. அவர் என் பெயரை எழுதுவார் என்று நம்பியிருந்தேன். இதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு ஞாயிறு காலமை எங்கள் விறாந்தையில் ஆறேழு ஆம்பிளைகள் கூடினார்கள். எல்லோரும் சலவை வேட்டி. ஒருவரும் பாக்கு நீரிணைக்கு அப்பால் போகாதவர்கள். தலைமை வாத்தியார் அட்லசை மடியில் குழந்தையைப்போல வைத்திருந்தார். அத்தானுக்கு ஒரு வாங்குப் பலகையில் இடம் கொடுத்தார்கள், எதிரில், தனியாக. நான் தேத்தண்ணித் தட்டோடு நின்றேன். எனக்குப் பின்னால் அறைக் கதவு. கதவுக்குப் பின்னால் அக்கா.

முதலில் தலைமை வாத்தியார் அந்த நார்க் குழாயை எடுத்து மூக்கடியில் பிடித்து மணந்து பார்த்தார். இது பனையோலை, இங்கேதான் எங்கேயோ பின்னியது என்று தீர்ப்புச் சொன்னார். பனையோலைக்கும் பிரம்புக்கும் வித்தியாசம் தெரியாத ஒரு யாழ்ப்பாணத்தான் அவர்தான் என்று நினைக்கிறேன். பிறகு அந்த மலையைப் பற்றிக் கேட்டார். மூன்று நாடுகள் சந்திக்கிற மூலையில், உச்சி வெட்டினதுபோல மேசையாக ஒரு மலை இருப்பதாக அத்தான் சொல்லியிருந்தார். உலகத்துப் பழமெல்லாம் ஒரே மரத்தில் காய்த்ததாம், அந்த மரத்தை வெட்டிய பிறகு மிஞ்சிய அடிக்கட்டைதான் மலை என்று அந்தச் சனம் சொல்லுமாம். விறாந்தை முழுக்கச் சிரித்தது. மரக்கட்டை மலையானதாம் என்று தலைமை வாத்தியார் வயிறு குலுங்கச் சிரித்தார். குதிரை முகத்தோடு வந்த இளவரசி கீரிமலைத் தண்ணீரில் குளித்து மனிச முகம் எடுத்த கதையை எங்களுக்குச் சரித்திரம் என்று படிப்பித்தவர் அவர். அதில் கேள்வியும் போட்டவர்.

சிரிப்பு அடங்கியதும் அட்லசை விரித்தார்.

"தம்பி, நீர் இருந்த பட்டினத்தைத் தொட்டுக் காட்டும்."

அத்தான் எழும்பி வந்து குனிந்து பார்த்தார். அவருடைய விரல் இரண்டு ஆறுகள் சேர்கிற இடத்துக்குப் பக்கத்தில், வெறும் இடத்தில் நின்றது.

"இதிலை."

"இதிலை ஒரு பேரும் இல்லையே."

"சின்னப் பட்டினம். போடேல்லைப் போலை."

"லண்டனிலை அச்சடிச்ச புத்தகம். இருக்கிற ஊரை விட்டுப்போட்டு அடிப்பாங்களோ?" என்று தலைமை வாத்தியார் சுற்றிவரப் பார்த்தார். எல்லோரும் தலையாட்டினார்கள். "சரி, அது கிடக்கட்டும். நீர் புல்வெளி எண்டு சொல்லுறீர். இது என்ன நிறம்?"

"பச்சை."

"பச்சை எண்டால் என்ன?"

அத்தான் திரும்பக் குனிந்து படத்தைப் பார்த்தார். என்ன பதில் எதிர்பார்க்கப்படுகிறது என்று அவருக்குத் தெரியவில்லை. தலைமை வாத்தியார் திரும்பி என்னைப் பார்த்தார்.

"பிள்ளை, நீ சொல்லு. பச்சை எண்டால் என்ன?"

"காடு, வாத்தியார்."

வாய் தானாகவே சொன்னது. ஆம்பிளைகள் மெச்சினார்கள். பத்து வயதுப் பிள்ளைக்குத் தெரிகிறது என்றார் ஒருவர். ஐயாவின் முகத்தில் பெருமை. அப்போது என் முதுகுக்குப் பின்னால், கதவு இடுக்கால், அக்காவின் குரல் வந்தது. மெல்லிய குரல், ஆனால் ஒவ்வொரு எழுத்தும் தெளிவு.

"தங்கச்சி, எங்கடை ஊரும் அதிலை பச்சைதான் எண்டு சொல்லு. எங்கடை ஊரின்ரை பேரும் அதிலை இல்லை எண்டு சொல்லு."

அக்கா வெளியே வந்து சொல்ல முடியாது. கலியாணம் பேசுகிற பெண் சபையில் வாய் திறந்தால் அதோடு அவளுக்கு ஒரு மாப்பிள்ளையும் இல்லை. நான் சொல்லலாம். சின்னப் பிள்ளை விளையாட்டாகச் சொன்னது என்று சிரித்துவிட்டு, இலங்கைப் படத்தைப் புரட்டிப் பார்த்திருப்பார்கள். இரண்டு மாதம் அக்காவின் கேள்வி ஒவ்வொன்றையும் கொண்டுபோய்ச் சேர்த்தவள் நான். அந்த ஒன்றை நான் கொண்டுபோகவில்லை. தலைமை வாத்தியார் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். என் பெயரை எழுதப் போகிற மனிசர். நான் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அத்தான் யாரோடும் சண்டை பிடிக்கவில்லை. அட்லசை மூடித் தலைமை வாத்தியாரிடமே மரியாதையாகக் கொடுத்துவிட்டுப் படியிறங்கிப் போனார். அடுத்த கிழமை ஊரிலேயே இல்லை. திரும்பிப் போய்விட்டார் என்று பிறகு கேள்விப்பட்டோம். நார்க் குழாயை அம்மா வேலியில் எறிந்தார். மாரியில் கறையான் தின்று முடித்தது.

அன்றைக்குப் பின்னேரம் அக்கா என்னிடம் ஒன்று மட்டும் கேட்டார்: நான் சொன்னது உனக்குக் கேட்டதோ? கேட்கவில்லை என்றேன். சரி என்றார். அடுத்த வருஷம் அரசாங்கக் கந்தோர் கிளாக்கர் ஒருவருக்கு அக்காவைக் கட்டிக்கொடுத்தார்கள். இங்கிலிசுப் பேப்பரைச் சத்தம் போட்டு வாசிப்பார். அவர் கண்ணை மூடும்வரை, முப்பத்தைந்து வருஷத்தில், நீ என்ன நினைக்கிறாய் என்று அக்காவிடம் ஒருநாளும் கேட்டதில்லை. தலைமை வாத்தியார் பார்த்துச் சரி சொன்ன மாப்பிள்ளை.

பரீட்சைக்கு என் பெயரை அவர் எழுதவில்லை. பொம்பிளைப் பிள்ளைக்கு ஐந்தாம் வகுப்பே காணும் என்று ஐயாவுக்குச் சொன்னாராம். ஐயாவும் ஓம் என்றாராம்.

இனி இந்த ஊர்க் கதைக்கு வருகிறேன். என் மருமகள் முதியோர் இல்லத்தில் வேலை. அவளோடு வேலை செய்கிற ஒரு பெண், நோர்வேக்காரரைக் கலியாணம் முடித்தவள், போன பனிக்காலத்தில் ஒருநாள் காலை வேலை முடித்து மருமகளோடு எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தாள். நான் குசினியில் மரவள்ளிக் கிழங்கு வெட்டிக்கொண்டிருந்தேன். அதைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்துவிட்டது. தன் தாயின் ஊரில் நச்சு மரவள்ளி உண்டு என்று நோர்வே மொழியில் சொல்லத் தொடங்கினாள். பிறகு சொல் காணாமல் கையைத் தூக்கி, ஏதோ நீளமாகத் தொங்குவதுபோலக் காட்டி, கீழே பிடித்து இழுத்தாள்.

நான் கத்தியை வைத்துவிட்டேன். மருமகளிடம் சொன்னேன்: "பிள்ளை, அவ எந்த ஊர் எண்டு கேள்."

அத்தானின் பட்டினம்தான். பாதி அவள் சொல்ல, பாதி மருமகள் சொல்ல, எல்லாம் திரும்ப வந்தது. விசிறித் தெரு, சொந்தக்காரன் இல்லாத குதிரை, மேசை மலை, மரக்கட்டைக் கதை. அது அவளுடைய தாயின் சனம் சொல்லும் கதையாம். மக்குஷி என்று அந்தச் சனத்துக்குப் பெயர். காடும் இருக்கிறது, மேற்கே, தெற்கே. அங்கே தங்கம் தோண்ட வந்தவர்கள் காட்டுச் சனத்துக்கு நோயைக் கொடுத்தார்கள். புல்வெளியில் நெல் விதைக்க வந்தவர்கள் அவளுடைய தாயின் சனத்தோடு காணிச் சண்டை. அங்கேயும் பெரிய மனிசர்கள் படத்தை விரித்து வைத்து, இந்த இடத்தில் யாரும் இல்லையே என்று சொல்கிறார்களாம். எனக்கு அது புதினமாக இருக்கவில்லை.

அடுத்த கிழமை அவள் தன் ஊர்ப் புகைப்படங்கள் கொண்டுவந்து தந்தாள். அவற்றைக் கைப்பையில் வைத்துக்கொண்டு ரயிலில் ஏறி, நகரத்தில் மாறி, மோர்டென்ஸ்ருட்டுக்குப் போனேன். அக்கா அங்கே மகனோடு இருக்கிறார். கடைசி நிலையம். மேலே பாறையும் பனியும். வீட்டில் அக்கா மட்டும்தான் இருந்தார்.

படங்களை அக்கா ஒவ்வொன்றாகக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். புல்வெளிப் படத்தை வெகுநேரம் வைத்திருந்தார். பனை மாதிரித்தான் கிடக்கு என்றார். நான் அதற்குள் தொடங்கிவிட்டேன். ஐயாவைத் திட்டினேன். றப்பரைத் திட்டினேன். தலைமை வாத்தியாரை, இந்த மலரில் எழுத முடியாத சொற்களாலும் திட்டினேன். அறிவாளிகளாம், மூடர்கள், ஒன்றும் தெரியாமல் ஒரு பெண்ணின் வாழ்க்கையை முடித்துவிட்டார்கள் என்றேன். அக்கா படத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்.

"அவைக்குத் தெரியாது. உனக்குத் தெரியும்."

எனக்கு எழுபது வயது கிட்டுகிறது. அந்தச் சொல்லுக்கு முன்னால் பத்து வயதாகிவிட்டது.

"அக்கா, நீங்கள் அண்டைக்குக் கதவுக்குப் பின்னாலை நிண்டு சொன்னது எனக்குக் கேட்டது."

"தெரியும்," என்றார் அக்கா. "நீ திரும்பி என்னைப் பாத்தனி."

எனக்கு அது நினைவிலேயே இல்லை. திரும்பியதை இவ்வளவு காலமும் நான் மறந்திருந்தேன். அக்கா அதை வைத்துக்கொண்டு என்னோடு ஐம்பது வருஷத்துக்கு மேல் சிரித்துக் கதைத்திருக்கிறார், என் பிள்ளைப்பேறுகளுக்கு வந்து நின்றிருக்கிறார். கோபமோ என்று கேட்க வாய் வரவில்லை. அந்த வாய் எப்போதும் வராது.

மகன் வருகிற நேரமாகிவிட்டது என்று அக்கா எழும்பினார். நானும் மேலங்கியைப் போட்டுக்கொண்டேன். படங்களை அவர் திருப்பித் தரவில்லை. நானும் கேட்கவில்லை.